சான்றிதழ் சுவரில் தொங்குகிறது; மாற்றம் எங்கே?

மூதூர்ப் பகுதியில் மனவளர்ச்சி குறைந்த பிள்ளையை வளர்க்கும் பெற்றோரிடம் கதைத்தால், பேச்சு எங்கு தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பார்க்கிறது?" இக்கேள்வி எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானதுதான். ஆயினும் இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்கு அது இரட்டிப்புப் பாரமாயிற்று. 2006ஆம் ஆண்டு சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை மக்கள் வெருகல் கடந்து வாகரை, மட்டக்களப்பு என்று ஓடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் நகர மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். நடக்கமுடியாத, நடப்பது என்னவென்று விளங்காத பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். பின்பு கிளிவெட்டியிலும் மணற்சேனையிலும் பட்டித்திடலிலும் கூடாரங்களில் கழிந்த ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானார்கள். 2015, 2016இல் சம்பூர் மக்கள் காணிக்குத் திரும்பியபோது, தூக்கிச் சென்ற தாய்மாருக்கு முதுமை வந்துவிட்டிருந்தது.

முன்பு கூட்டுக்குடும்பம் இருந்தது. பெரியம்மா, சித்தி, மாமி என்று அடுத்தடுத்த வளவுகளில் ஆட்கள் இருந்தார்கள். இடப்பெயர்வு அந்த வளவுகளைச் சிதறடித்துவிட்டது. ஒரு மகன் மத்திய கிழக்கில், ஒரு மகள் வவுனியாவில். ஆகவே மனவளர்ச்சி குறைந்த வளர்ந்தோருக்கான இல்லங்களைப் பற்றி எமது மக்கள் இப்போது அதிகம் விசாரிக்கிறார்கள். நாட்டின் பல பாகங்களில் சமயத் தாபனங்களும் தொண்டு நிறுவனங்களும் அரசும் இத்தகைய இல்லங்களை நடத்துகின்றன. ஓர் இல்லத்தின் நன்மை தீமை அதன் கட்டடத்தில் இல்லை. அங்கே வேலை செய்யும் பணியாளர்களின் கைகளிலேதான் இருக்கிறது. ஆகவேதான் பணியாளர் பயிற்சியைப் பற்றியும், அப்பயிற்சி பயன் தந்ததா என்று அறியும் வழியைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். இது நிறுவன அலுவலர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எவரும் எண்ணவேண்டாம். பிள்ளையை ஒப்படைக்கப் போகும் தாய்க்கும் தகப்பனுக்குமே இது முதலில் உரியது.

தலையை எண்ணும் மதிப்பீடு

இன்று பயிற்சிகளுக்குக் குறைவில்லை. நகரத்து மண்டபமொன்றில் மூன்று நாள் செயலமர்வு நடக்கும். வளவாளர் வருவார். குழுச் செயற்பாடு, மதிய உணவு, குழுப் புகைப்படம், இறுதியில் சான்றிதழ். நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில், இத்தனை பணியாளர் பங்குபற்றினர், இத்தனை வீதத்தினர் பயிற்சி "மிகவும் நன்று" என்று குறிப்பிட்டனர் என எழுதப்படும். மதிப்பீடு அத்துடன் முடிந்துவிடும்.

அமெரிக்கரான டொனால்ட் கேர்க்பற்றிக் என்பவர் 1959இலேயே பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார். பயிற்சி பெற்றவர் அதை விரும்பினாரா என்பது முதற்படி. எதையாவது கற்றுக்கொண்டாரா என்பது இரண்டாம் படி. கற்றதை வேலையிடத்தில் செய்கிறாரா என்பது மூன்றாம் படி. அப்படிச் செய்ததால் உரிய பலன் விளைந்ததா என்பது நான்காம் படி. எமது அறிக்கைகள் பெரும்பாலும் முதற்படியில் நின்றுவிடுகின்றன. கொஞ்சம் முயற்சி எடுத்தவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்து இரண்டாம் படிக்கு ஏறுகிறார்கள். மற்ற இரண்டு படிகளையும் ஏறிப் பார்ப்பவர் மிகக் குறைவு.

விவசாயிகளுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. விவசாயப் போதனாசிரியர் கமநல சேவை நிலையத்தில் வகுப்பு வைக்கிறார். ஐம்பது பேர் வந்தார்கள், ஐம்பது பேரும் கையெழுத்திட்டார்கள். அவ்வகுப்பு பயன் தந்ததா என்று பெரும்போக அறுவடையில் ஏக்கருக்கு எத்தனை மூடை என்று பார்த்துத்தான் சொல்வோம். கையெழுத்துத் தாளைப் பார்த்துச் சொல்லமாட்டோம். வயலுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

வீட்டுக்குள் சென்று பார்த்தவர்கள் கண்டது

மேலை நாடுகளிலும் மனவளர்ச்சி குறைந்தவர்களை நூற்றுக்கணக்கில் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்த காலம் இருந்தது. பின்பு அவர்களைச் சாதாரண தெருக்களில் உள்ள சாதாரண வீடுகளில் சிறு குழுக்களாக வாழவைக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் அண்டோவர் என்ற ஊரில் 1981இல் தொடங்கிய வீடுகள் இதில் முன்னோடியானவை. கடுமையான குறைபாடு உள்ளவர்களும் சமையல், துப்புரவு, கடைக்குப் போதல் ஆகிய வீட்டு வேலைகளில் பங்குகொள்ளலாம் என்றும், அதற்குத் தக்கபடி துணை நிற்பதே பணியாளரின் வேலை என்றும் அங்கு நடத்திக் காட்டினார்கள்.

ஆனால் சிறு வீடு கட்டினால் மட்டும் வாழ்க்கை மாறிவிடவில்லை. விடுதியில் சும்மா உட்கார்ந்திருந்தவர் வீட்டிலும் சும்மா உட்கார்ந்திருந்தார். பணியாளர் சமைத்தார், பணியாளர் கூட்டினார், பணியாளர் ஊட்டினார். 1999இல் வெளிவந்த வேல்ஸ் நாட்டு ஆய்வொன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. ஐந்து வீடுகளில் வாழ்ந்த 19 பேரை ஆய்வாளர் மணிக்கூட்டுடன் இருந்து கவனித்தார்கள். பயிற்சிக்கு முன், 100 நிமிடங்களில் ஏறத்தாழ 6 நிமிடங்களே அவர்களுக்குப் பணியாளரின் உதவி கிடைத்தது. ஏதாவது ஒரு செயலில் ஈடுபட்டிருந்த நேரம் 33 நிமிடங்கள். பின்பு பணியாளர்களுக்கு வகுப்பும் நடந்தது. அதோடு பயிற்றுநர் அந்த வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு பணியாளருக்கும் பக்கத்தில் நின்று, உதவி செய்யும் முறையைக் கைப்படப் பழக்கினார். அதன்பின் பார்த்தபோது உதவி கிடைத்த நேரம் 23 நிமிடங்களாகவும், செயலில் ஈடுபட்ட நேரம் 53 நிமிடங்களாகவும் உயர்ந்திருந்தன.

பின்னர் இம்முறை வேறு வீடுகளுக்குப் பரப்பப்பட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது. வகுப்பு மட்டும் நடந்து, பக்கத்தில் நின்று பழக்கும் பகுதி விடுபட்ட இடங்களில் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. வகுப்பு ஒன்றேதான், கொடுத்த தாள்களும் ஒன்றேதான். வீட்டுக்குள் ஒரு வழிகாட்டி வந்து நின்றாரா இல்லையா என்பதிலேதான் வேறுபாடு இருந்தது. வீட்டுக்குள் போய் அளந்தபடியால்தான் இது தெரியவந்தது. சான்றிதழை எண்ணியிருந்தால் இரண்டும் வெற்றி என்றே அறிக்கை எழுதப்பட்டிருக்கும்.

உதவி என்பது எது?

எமது நாட்டில் நாம் பார்த்த இல்லமொன்றிலும் நிலைமை இதுவேதான். அலுவலகச் சுவரில் பயிற்சிச் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. பின்விறாந்தையில் வளர்ந்தவர்கள் வரிசையாகச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். துப்புரவுக்குக் குறையில்லை. அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. ஆனால் மாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர்களில் ஒருவர் கைக்கும் ஒரு வேலை கிடைக்கவில்லை. குசினியில் இரண்டு பணியாளர்கள் இருபது பேருக்குரிய மரக்கறியை அவசர அவசரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பணியாளர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. அன்பு என்றால் எல்லாவற்றையும் செய்து கொடுப்பது என்றே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். "பாவம் பிள்ளை, அதுக்கென்ன தெரியும்" என்று தாயும் சொல்லுகிறாள். ஆனால் கீரை ஆய்வதற்கும் தேங்காய் திருவுவதற்கும் கோழிக்குத் தீன் போடுவதற்கும் அந்தப் பிள்ளையைப் பழக்கலாம். வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். விளங்காவிட்டால் செய்து காட்ட வேண்டும். அதுவும் போதாவிட்டால் அவர் கைமேல் கைவைத்துச் செய்விக்க வேண்டும். பழகப் பழகக் கையை மெல்ல மெல்ல எடுத்துவிட வேண்டும். வெண்டிக்காய் முழுவதையும் அவர் வெட்டவேண்டியதில்லை. கழுவிச் சட்டியில் போட்டாலே அது அவருடைய சமையல். இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கலாம். ஆனால் எந்த நேரத்தில் கையைப் பிடிப்பது, எந்த நேரத்தில் விடுவது என்பது கரும்பலகையில் வராது. நாற்றுநடுகையைப் புத்தகத்தில் படித்தவர் எவரும் நட்டதில்லை. பக்கத்தில் நின்று நட்டவரைப் பார்த்துத்தான் பழகினோம்.

பணமும் நற்பெயரும் போதா

"எங்களிடம் பணமில்லை, ஆகவேதான் இந்நிலை" என்று சிலர் சொல்வர். பணம் தேவைதான். ஆனால் பணம் மட்டும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் பிறிஸ்டல் நகருக்கு அருகே வின்ரர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவ இல்லம் இருந்தது. அங்கிருந்த ஒருவருக்கு வாரமொன்றுக்குச் சராசரி 3,500 பவுண் அறவிடப்பட்டது. 2011இல் பிபிசி தொலைக்காட்சி மறைவாகப் படம்பிடித்து வெளியிட்ட நிகழ்ச்சியில், பணியாளர்கள் அங்கிருந்தவர்களை அடிப்பதையும் இழுப்பதையும் துன்புறுத்துவதையும் நாடே பார்த்தது. 11 பணியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2012இல் 6 பேர் சிறை சென்றார்கள். அங்கும் பயிற்சி நடந்திருந்தது. எந்தப் பயிற்சி? ஆட்களைப் பிடித்து அடக்குவதற்கான பயிற்சியே அதில் பெரும்பங்கு. ஒரு தாதி முன்கூட்டியே முறைப்பாடு செய்தும் அது கவனிக்கப்படவில்லை. "பயிற்சி கொடுத்தோம்" என்பது மட்டும் போதாது. எதற்குப் பயிற்சி என்பதையும் கேட்கவேண்டும் என்பதற்கு இது சாட்சி.

எமக்குக் கிட்டிய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். மனநோயும் மனவளர்ச்சிக் குறைவும் ஒன்றல்ல. ஆனால் வாய்திறந்து முறையிட முடியாதவரை ஊராரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்ற பாடம் இரு சாராருக்கும் ஒன்றே.

திருச்சபையைச் சார்ந்த எமக்கும் ஒரு பாடம் உண்டு. 1964இல் பிரான்சில் ஜான் வனியே தொடங்கிய லார்ஷ் சமூகங்களில், மனவளர்ச்சி குறைந்தவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள். 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அது இந்தியாவுக்கும் வந்தது. அந்த முறையில் கற்கவேண்டியவை இன்றும் பல உண்டு. ஆனால் வனியே இறந்த மறு ஆண்டு, 2020இல், அந்த இயக்கமே வெளியாரைக் கொண்டு விசாரித்து, அவர் ஆன்மீக வழிகாட்டி என்ற நிலையைப் பயன்படுத்திப் பல பெண்களைத் துன்புறுத்தினார் என்பதை வெளிப்படுத்தியது. அப்பெண்கள் மனவளர்ச்சி குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் உலகமே போற்றிய ஒருவரை எவரும் கேள்வி கேட்கவில்லை என்பதே உண்மை. ஆகவே குருவானவர் நடத்துகிறார், கன்னியர் நடத்துகிறார்கள், பெரிய நிறுவனம் நடத்துகிறது என்பதற்காக மதிப்பீட்டை விட்டுவிட முடியாது. நற்பெயர் உள்ள இடத்திலேதான் கேள்வி கேட்பவர் குறைவு.

எமது நாட்டின் அனுபவம்

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சாசனத்தில் இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016இல் அதை ஏற்று உறுதிசெய்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையும், சமூகத்தின் மத்தியில் வாழும் உரிமையும் இவர்களுக்கு உண்டு என அச்சாசனத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. ஊரை விட்டுத் தொலைவில் மதிலுக்குள் வைத்துக் காப்பது அந்த உரிமைக்கு ஈடாகாது.

எமக்கென்று ஒரு நல்ல மரபும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட, சமூகத்திலேயே பயிற்றுவிப்பதற்கான கைந்நூலை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையரான பத்மானி மெண்டிஸ். குடும்பத்தவரே பயிற்றுநர் என்பதும், ஊரில் உள்ள ஒருவர் வீடுவீடாகச் சென்று அவருக்கு வழிகாட்ட வேண்டும் என்பதும் அந்நூலின் அடிப்படை. உண்ணல், குளித்தல், வீட்டு வேலை, ஊர் நிகழ்வில் பங்குபற்றல் என்று நாளாந்த வாழ்வைக் கொண்டே அது முன்னேற்றத்தை அளக்கிறது. 1994இலிருந்து அரசின் சமூக சேவைத் துறையும் சமூகம் சார்ந்த புனர்வாழ்வுத் திட்டத்தை நடத்திவந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டில் ஆய்வு செய்து கண்டதும் இதுவேதான்: பயிற்சி நடக்கவேண்டிய இடம் வாழும் வீடு, அளக்கவேண்டியது வாழும் வாழ்வு. இந்த மரபை வைத்துக்கொண்டு நாம் மண்டபச் செயலமர்வுக்குப் பின்னால் ஓடுவது ஏன்?

ஒரு கொப்பியும் ஒரு மணிக்கூடும்

மதிப்பீடு என்றதும் நிபுணர், வாகனம், இலட்சக்கணக்கில் செலவு என்று பயப்படவேண்டாம். ஒரு கொப்பியும் மணிக்கூடும் போதும். பயிற்சிக்கு முன் ஒரு மாலை வேளையில், இல்லத்தில் நான்கு பேரை ஒரு மணித்தியாலம் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பார்த்து இரண்டு விடயங்களைப் பதிய வேண்டும். அவர் அந்த நேரம் ஏதாவது செய்துகொண்டிருந்தாரா? பணியாளர் எவராவது அவருக்கு உதவினாரா, அவரோடு கதைத்தாரா? ஒருவருக்குப் பன்னிரண்டு தடவை, நால்வருக்கும் நாற்பத்தெட்டு. பயிற்சி முடிந்து ஒரு மாதத்திலும், பின்பு ஆறு மாதத்திலும், அதே நேரத்தில் அதே முறையில் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் கூடிய எண்ணிக்கை ஆறு மாதத்தில் பழையபடி இறங்கியிருந்தால், பயிற்சி வேர்விடவில்லை என்று பொருள்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். பணியாளரைத் தண்டிக்க இக்கொப்பியைப் பாவிக்கக் கூடாது. பாவித்தால் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் எல்லோர் கையிலும் விளக்குமாறு இருக்கும். அடுத்து, கொப்பியில் பதிய முடியாதவையும் உண்டு. பிள்ளை பணியாளரைக் கண்டதும் சிரிக்கிறதா, ஒதுங்குகிறதா? யார் குளிப்பாட்ட வந்தால் அழுகிறது? இவற்றை அந்தப் பிள்ளையிடமும், பேச முடியாதவராயின் அவர் முகத்திலும் பார்த்து அறியவேண்டும். தாயைவிட நன்றாக அந்த முகத்தை வாசிப்பவர் யார்? ஆகவே மதிப்பீட்டுக் குழுவில் பெற்றோர் இருவராவது இருக்கவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

பணியாளர் பக்கத்து நியாயத்தையும் மறக்கலாகாது. இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் எமது குடும்பங்களின் பெண்பிள்ளைகளே. சம்பளம் சொற்பம், இரவுக் கடமை நீளம். இரவில் இருபது பேருக்கு ஒருவர் என்று விட்டுவிட்டு, அவருக்கு எத்தனை செயலமர்வு வைத்தாலும் பயனில்லை. பயிற்றப்பட்டவர் ஆறு மாதத்தில் விலகி ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் பயிற்சியும் அவரோடு போய்விடும். ஆகவே பயிற்சி பெற்றவர்களில் ஓர் ஆண்டின் பின் எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள் என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். அந்த எண்ணிக்கை குறைவென்றால் தீர்க்கவேண்டியது சம்பளத்தையும் கடமை நேரத்தையும். இன்னொரு செயலமர்வு அதற்கு மருந்தாகாது.

பெற்றோர் கேட்கவேண்டியவை

ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் கட்டிலையும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டாம். பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

1. நேற்று மாலை இங்குள்ளவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்?
2. இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்?
3. புதிதாக வரும் பணியாளருக்குப் பக்கத்தில் நின்று பழக்குபவர் யார்? எத்தனை நாட்கள்?
4. பணியாளர் ஒருவர் தவறு செய்தால் பிள்ளையோ நாமோ யாரிடம் முறையிடுவது? இல்லத்துக்கு வெளியே அதைக் கேட்க ஒருவர் உண்டா?
5. முன்னறிவித்தல் இன்றி நாம் வந்து பிள்ளையைப் பார்க்கலாமா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மற்ற நான்கின் பதில்களையும் நம்பவேண்டாம். முன்னர் மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போக இறங்குதுறைகளில் காத்துக்கிடந்தோம். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர் மாதம் ஒருமுறையாவது எதிர்பாராத நேரத்தில் போய்வருவதே மிகச் சிறந்த மேற்பார்வை.

நன்கொடையாளருக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கென ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது, பயிற்றுநர் இல்லத்திலேயே தங்கி, பணியாளரின் பக்கத்தில் நின்று பழக்குவதற்கு ஒதுக்குங்கள். பங்குபற்றியோர் தொகையைக் கேட்பதோடு நில்லாது, ஆறு மாதத்தின் பின் இல்லத்தில் உள்ளவர்களின் ஒரு மாலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்றும் கேளுங்கள். தூரத்து நகரங்களில் பெரிய கட்டடம் எழுப்புவதைவிட, சம்பூரிலோ கிளிவெட்டியிலோ மூதூரிலோ நான்கைந்து பேர் வாழும் ஒரு சாதாரண வீடு போதும். அயலில் பெற்றோர், பக்கத்தில் கடை, பின்னால் ஒரு தோட்டம். பிள்ளை தன் ஊர்த் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் நடந்து போகலாம். ஊராரின் கண்ணும் அந்த வீட்டின் மேல் இருக்கும்.

காணிக்காக எமது மக்கள் பத்தாண்டு காத்திருந்து, மனுக் கொடுத்து, வீதியில் நின்று கேட்டுப் பெற்றார்கள். கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் ஊருக்கு ஐந்து பேர் சேர்ந்தாலும் ஒரு சங்கம்தான். அச்சங்கம் முதற் கூட்டத்திலேயே மேற்கூறிய ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். பதில் வரும்வரை மாதந்தோறும் போய்க் கேட்கட்டும்.